மூக்கர் பிடித்த புளிப்பு வாடை

கண்ணுகளா, மூக்கர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் டிப்போவில் டைம்கீப்பர். காலையில் டிரைவர்கள் வரிசையாக வந்து அவர் முகத்தில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் சாவி வாங்கவேண்டும். குடித்திருக்கிறார்களா என்று ஊதிப் பார்க்கிற கருவி என்றைக்கோ பழுதாகிவிட்டது. "என் மூக்கு இருக்க அது எதுக்கு?" என்பார். பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான்.

அன்றைக்கு வரிசையில் அவர் மனைவியின் தம்பி. ஊதினான். புளித்த வாடை, அதற்கு மேலே புதினா மிட்டாய் வாசம்.

"நேத்து எத்தனை ரவுண்டு மாப்ளே?"

"சத்தியமா இல்ல மாமா. நெஞ்செரிச்சல். புளிப்பா மேல வருது."

"அப்புறம் மிட்டாய் எதுக்கு? என்கிட்டயேவா?"

"மச்சினன்தானே மூக்கரே, உங்க மூக்குக்கு ஜலதோஷம்னு நெனச்சுக்குங்க" என்றான் பின்னால் நின்றவன். வரிசையே சிரித்தது. மூக்கருக்குச் சுருக்கென்றது. குடித்திருந்தான் என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டார். ஒரு வாரத்தில் விசாரணை. அதுவரை அவனுக்கு வேலை இல்லை.

அக்காக்காரி தம்பியை டாக்டரிடம் இழுத்துப் போனாள். பொய்யை நேரிலேயே பிடித்துவிடலாம் என்று மூக்கரும் கூடப் போனார்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சொன்னார்: "இரைப்பைக்கு மேல வால்வு மாதிரி ஒரு தசை இருக்கு. சாப்பாடு உள்ள போனதும் இறுக்கி மூடிக்கணும். உங்களுக்கு அது தளர்ந்திருக்கு. அமிலம் மேல ஏறுது. சாப்பிட்டதும் படுப்பீங்களா?"

"டிரிப்புக்கு நடுவுல பின் சீட்டுல சாய்வேன்."

"அது கூடாது. புதினா மிட்டாயும் வேணாம். சில பேருக்கு அந்தத் தசைய இன்னும் தளர்த்திடும்."

"தினம் மாமா மூஞ்சில ஊதணுமே டாக்டர். கூச்சமா இருக்கும். அதான் போட்டுக்குவேன்."

மூக்கர் தரையைப் பார்த்தார். அக்காக்காரி டாக்டர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு தம்பியோடு எழுந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மறுநாள் டாக்டர் சீட்டைப் பார்த்த மேனேஜர், "தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி குடுங்க, போதும்" என்றார். மூக்கர் அந்த வரியைக் கொடுத்துவிட்டு, டிரைவர்கள் வரிசை முன்னால் வந்து நின்றார்.

"இங்க நின்னுதான் அவன் குடிச்சான்னு சொன்னேன். அவன் குடிக்கல. எனக்குத்தான் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. மச்சினன் முன்னால் வந்து சாவிக்குக் கை நீட்டினான்.

"விடுங்க மாமா" என்றான். மற்றொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னான்.