மூன்றாவது மணி

“கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தா அந்த வண்டி எப்படிடி இருக்கு?” என்று சித்தி ஒருநாள் என்னிடம் கேட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் துடைத்துக்கொண்டே, என் வாயைப் பார்த்துக் கேட்டாள். நான் வழக்கம்போலத் தோளைக் குலுக்கினேன்.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்ல வாய் வராமல், வகுப்பில் உட்கார்ந்திருந்த நாளிலெல்லாம் வராதவளாகக் குறிக்கப்பட்டவள் நான். கடைசியில் நிஜமாகவே போகாமல் நின்றுவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சித்திதான், வாயே தேவைப்படாத வேலை ஒன்று தான் வேலைபார்க்கும் பூங்காவில் இருக்கிறது, தன்னுடன் அனுப்பு என்று அம்மாவிடம் சொல்லி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள்.

பொழுதுபோக்குப் பூங்காவின் ஒரு மூலையில் இருட்டு அறை. அதில் இருபது நாற்காலிகள், எதிரே சுவர் அகலத்துக்குத் திரை. திரையில் ஒரு கார்ட்டூன் வாத்து தீயணைப்பு வண்டி ஓட்டும். வண்டி திரும்பினால் நாற்காலிகளும் திரும்பும், பள்ளத்தில் விழுந்தால் அவையும் விழும். மொத்தம் நாலு நிமிஷம். ஓர் அடிகூட நகராத ஜனங்கள் ஊரைச் சுற்றிவந்ததுபோலத் தள்ளாடி இறங்குவார்கள். அவர்கள் போனதும் இருக்கைகளையும் தரையையும் துடைப்பது என் வேலை. காலையில் திறப்பதற்கு முன் என்னை ஏற்றி ஒரு தடவை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஆள் உட்கார்ந்தால்தான் எந்த நாற்காலி கிறீச்சிடுகிறது என்று தெரியுமாம்.

சித்தி பின்பக்கக் கண்ணாடிக் கூண்டில், பேனல் முன்னால் இருப்பாள். முன்பெல்லாம் படமும் நாற்காலிகளும் கம்ப்யூட்டரில் ஒன்றாகவே கிளம்பும். அதில் ஏதோ ஒரு பாகம் கெட்டு, புதியது எட்டு மாதமாக வந்துகொண்டே இருந்தது. அதுவரை நாற்காலிகளைச் சித்தி கையால் கிளப்பினாள். வாத்து வண்டியில் ஏறி மூன்று முறை மணி அடிக்கும். மூன்றாவது மணிக்குப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். கூண்டின் கண்ணாடி தாழ்வானது, உள்ளேயிருந்து பார்த்தால் திரை தெரியாது, உட்கார்ந்திருப்பவர்களின் தலைகள்தான் தெரியும். எல்லாம் காதுக்கணக்குதான். கம்ப்யூட்டர்கூட இவ்வளவு கச்சிதமாக அழுத்தாது என்று மேனேஜரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பூங்காவில் பேனலில் உட்கார்ந்த ஒரே பெண் சித்தி. சீருடைச் சட்டைக்கு அவள் இஸ்திரி போடும்போது வீட்டில் யாரும் பக்கத்தில் போக முடியாது.

ஒரு மாதமாக வாத்துக்குக் கெட்ட பெயர். இறங்குகிறவர்களில் நாலுக்கு ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் எனக்கு வேலை வைத்தார்கள். டிக்கெட் கவுன்டரில் ‘வாந்தி வாத்து’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஸ்பானர் என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக், விளக்கைப் போட்டுக் காலி நாற்காலிகளை ஆட்டிப் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் குறையில்லை என்றார். படத்துக்குப் பொறுப்பானவர் தன் அறையில் டீ குடித்தபடி படத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, படத்திலும் குறையில்லை என்றார். மிச்சம் இருந்தது நான். தரை துடைக்கும் மருந்தின் நெடிதான் குமட்டுகிறது என்று மேனேஜர் முடிவு கட்டினார். ஒரு வாளிக்கு ஒரு மூடிக்கு மேல் அவள் ஊற்றியதே இல்லை என்று சித்தி அவரோடு மல்லுக்கு நின்றாள். சனிக்கிழமை விடுமுறைக் கூட்டம் வரும், அதற்குள் சரியாகாவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலைச் சோதனையில் ஏறி உட்கார்ந்தபோது, சித்தி கேட்டதற்குப் பதில் தேடலாமே என்று கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி சுகமாகப் போனது. திறந்தேன். அடிவயிறு புரட்டியது. தினமும் காலையில் அப்படித்தான், வெறும் வயிறு என்று விட்டிருந்தேன். மறுபடி மூடினேன், சரியாகிவிட்டது. மறுபடி திறந்து திரையை மட்டும் பார்த்தேன். வாத்து இடதுபக்கம் திரும்பியாகிவிட்டது, அதன் பிறகுதான் என் நாற்காலி திரும்பியது. கண்ணிமைக்கும் நேரம்தான் வித்தியாசம். வயிறு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

அன்று முழுக்கத் துடைப்பக் கட்டையைப் பிடித்தபடி கூண்டுக்கு வெளியே நின்று சித்தியின் விரலையே பார்த்தேன். மூன்றாவது மணி அடித்தது. விரல் அசையவில்லை. மணியில் திடுக்கிட்ட முன்வரிசைக் குழந்தைகளின் தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. அதைப் பார்த்துத்தான் விரல் இறங்கியது. அடுத்த ஆட்டத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

அன்று சாயங்காலம் அடுப்பில் குக்கர் ஐந்து விசில் விட்டது. சித்தி அதன் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் அணைத்தேன். “மூணு ஆச்சா?” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பேனலில் இருப்பவருக்குக் கண்ணும் காதும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று கூண்டுக்குள்ளேயே தாள் ஒட்டியிருக்கிறது. தினமும் அதன் கீழேதான் அவள் உட்காருகிறாள். பஸ்ஸில் அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்து ஜன்னல் கம்பியைப் பிடிப்பேன், விடுவேன். நகத்தைக் கடித்து விரல் எரிந்தது. “பேய் புடிச்ச மாதிரி ஏன் ஆடிக்கிட்டே இருக்கே? ஒரு இடத்துல உக்காரு” என்பாள். உட்காருவேன். கால் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை எனக்கு ஒரு வழி தோன்றியது. மூன்றாவது மணி அடித்ததும் துடைப்பக் கட்டையால் கூண்டுக் கண்ணாடியை, இடித்துக்கொண்டதுபோல, ஒரு தட்டுத் தட்டினேன். சித்தி திரும்பி முறைத்தாள். ஆனால் விரல் அந்தத் தட்டுக்கே இறங்கிவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கும் தட்டினேன். அவள் திரும்பவில்லை. அன்றைக்கும் வெள்ளிக்கிழமையும் யாரும் வாயைப் பொத்தவில்லை. என் வாளி காய்ந்தே கிடந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

சனிக்கிழமை திறப்பதற்கு முன்பே மேனேஜர் வந்துவிட்டார். ஸ்பானரையும் கவுன்டரிலிருந்து மூன்று பேரையும் நாற்காலிகளில் உட்காரவைத்தார். பொறுப்புள்ள வயதில் தன்னை வாத்தின் பின்னால் அனுப்புகிறார்கள், வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று ஸ்பானர் அலுத்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினார். மேனேஜர் என்னைப் பார்த்து, மருந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் வந்து நிற்கச் சொன்னார். துடைப்பக் கட்டை வெளியே சுவரில் சாய்ந்திருந்தது. நான் மேனேஜருக்குப் பின்னால், கதவோரமாக நின்றேன். சித்திக்கும் எனக்கும் நடுவில் அவருடைய முதுகு.

விளக்கு அணைந்தது. படம் கிளம்பியது. கவுன்டர்காரர்கள் மூன்று பேரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பானர் தலையைப் பின்னால் சாய்த்துக் கொட்டாவி விட்டார். நிமிர்வதற்கு அங்கே ஒரு தலையும் இல்லை.

முதல் மணி. இரண்டாவது. மேனேஜரின் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். மூன்றாவது.

சித்தியின் விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றது. கண்ணாடியில் தெரிந்த அவள் கண்கள் அந்த நாலு தலைகளிலும் மாறி மாறி ஓடின. வாத்தின் வண்டி உறுமும் சத்தம் கூண்டுக்குள் வந்தது. நாற்காலிகள் அசையாமல் கிடந்தன. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார்.

“மணி அடிச்சாச்சு சித்தி” என்றேன்.

என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. சித்தி அழுத்தினாள். நாற்காலிகள் தாறுமாறாகக் கிளம்பின. வண்டி மேட்டில் ஏறும் சத்தம் கேட்கும்போது, இவர்கள் பள்ளத்தில் விழுந்தார்கள். உள்ளே ஒருவர் போனைத் தவறவிட்டுக் கத்தினார். மேனேஜர் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் நிறுத்தினார்.

“மூணு அடிச்சு எவ்வளவு நேரமாச்சு. உங்களுக்குக் கேக்கலையா?” என்றார். சித்தியின் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில்தான் கேட்டார். அவள் திரும்பவில்லை. அவர் இன்னொரு முறை கேட்டார். அப்போதும் அவள் பேனலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தெரிந்த அவருடைய முகத்திலிருந்து கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் முன்னால் சுற்றிவந்து, எப்போதிருந்து இப்படி என்று மெதுவாகக் கேட்டார். சித்தி எழுந்து நின்றாள். ஒதுங்கி எனக்கு வழி விட்டாள். வெளியே வாசலில் கூட்டம் சேரும் சத்தம் கேட்டது.

“நீ உக்காரு. இன்னொரு தடவை போட்டுப் பாத்துடலாம்” என்றார் மேனேஜர் என்னிடம்.

சித்தி உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. படம் மறுபடி கிளம்பியது. மூன்று மணியும் தெளிவாகக் கேட்டன. அழுத்தினேன். நாலு தலைகளும் வண்டிச் சத்தத்தோடு சேர்ந்து சாய்ந்தன, சேர்ந்து எழும்பின. இதைத்தானே இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று உள்ளேயிருந்து ஸ்பானர் குரல் கொடுத்தார். அவர் அப்படி எதையும் சொன்னதே இல்லை. மேனேஜர் பெருமூச்சு விட்டார். நாற்காலிகள் கீழே இறங்கி நிற்கும்வரை சிவப்புப் பொத்தானிலிருந்து கையை எடுக்கவே கூடாது, கண்ணைத் திருப்பவே கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கண்ணாடியில் சித்தியின் நிழல் தெரிந்தது. ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தாள். அதிலிருந்து என் டப்பாவை மட்டும் வெளியே எடுத்து, பேனல் ஓரத்தில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். நான் “சித்தி” என்றேன், திரும்பாமலே. என் வாயைப் பார்க்காமல் அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும். வாத்து இன்னும் இரண்டு நிமிஷம் ஓட வேண்டியிருந்தது. கதவு திறந்து வெளிச்சம் உள்ளே வந்தது, பிறகு மூடிக்கொண்டது.