நெட் பாலுக்கு ஒரு விரல்

ரோடிகாவை அவள் புருஷன் அடிக்கிறான் என்பது, அவளோடு ஆடி நான் ஜெயித்த ஒரே ஒரு பாயிண்டால்தான் எனக்குத் தெரியவந்தது.

அபுதாபியில் பெண்கள் மட்டும் வந்துபோகும் ஒரு கிளப்பில் நான் நர்ஸ். கால் பிசகியவர்களுக்கு ஐஸ் வைப்பதும், பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்கிறேன் என்று மயங்கி விழும் சீமாட்டிகளுக்கு ஜூஸ் கொடுப்பதும்தான் டியூட்டி. ரோடிகா அங்கே டேபிள் டென்னிஸ் சொல்லித்தர ருமேனியாவிலிருந்து வந்தவள். ஏழு வயதில் மட்டையைப் பிடித்தவள், பதினாறில் நாட்டுக்காக ஆடியவள், ஐரோப்பாவில் பாதி ஊர்களில் மெடல் வாங்கியவள். 2005இல், முப்பத்திரண்டு வயதில், ஓய்வு நேரத்தில் எனக்கும் சர்வீஸ் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது சுத்தமாக வரவில்லை. குளச்சல் கடற்கரையில் வளர்ந்த எனக்குக் கையில் பலம் உண்டு, நிதானம் கிடையாது.

அன்று நான் அடித்த பந்து நெட்டில் தட்டி அந்தப் பக்கம் சொத்தென்று விழுந்தது. குருட்டு அதிர்ஷ்டம். அப்படி விழுந்தால் பாயிண்ட் வாங்கியவர் ஒரு விரலைத் தூக்கி சாரி சொல்ல வேண்டும், அது இந்த ஆட்டத்தின் மரியாதை என்று அவள்தான் சொல்லியிருந்தாள். பாயிண்டையும் எடுத்துக்கொண்டு சாரியும் சொல்வது நல்ல நியாயம்தான் என்று நான் கேலி செய்திருக்கிறேன். இருந்தாலும் மரியாதையாக விரலைத் தூக்கினேன்.

ரோடிகா மட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பேசாமல் அவளை என் அறைக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலா முழுக்கக் கன்றிப்போயிருந்தது. பழைய அடி மஞ்சளாக, புது அடி நீலமாக. இடுப்பில் ஷூவின் முனை பதிந்த அடையாளம்.

அவள் புருஷன் கோஸ்டெல், அதற்கு முன்னால் அவள் கோச். பதினைந்து வயதில் அவனிடம் வந்து சேர்ந்தாள். தரையில் ஒரு பந்து கிடந்தால் ஒரு அறை. கிடக்கும் பந்தை மிதித்தால் பந்தும் போகும், கணுக்காலும் போகும். அதனால் பந்தைக் கண்டால் போட்டது போட்டபடி பொறுக்க வேண்டும் என்பது அவன் சட்டம். அவனுக்கும் அது ரத்தத்தில் ஊறியிருந்தது. அவர்கள் கல்யாண விருந்தில் ஏதோ குழந்தை உருட்டிவிட்ட பந்தை, கேக் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து எடுத்தானாம்.

"அடிச்சிட்டு விரலைத் தூக்குவான். சாரி, நெட் பால்னு சிரிப்பான்" என்றாள் ரோடிகா. "சில நாள் விரலை முதல்ல தூக்கிட்டு, அப்புறம் அடிப்பான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போலீஸுக்குப் போ என்றேன். பாஸ்போர்ட் அவனிடம் இருக்கிறது என்றாள். பிறகு தன் வலது கையை விரித்துக் காட்டினாள். அதில் ஒரு கீறல் இல்லை.

"இதை மட்டும் தொடமாட்டான். இதுதான் அவனுக்குச் சோறு போடுது."

அந்தக் கையை வைத்துத்தான் அவள் தப்பிக்கவும் நினைத்திருந்தாள். அடுத்த வாரம் தோஹாவில் ஒரு சர்வதேசப் போட்டி. அவள் ஆட்டத்தைப் பார்க்க ஜெர்மன் கிளப் ஒன்றின் மேனேஜர் அங்கே வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அவளை எடுத்துக்கொள்வார், அவளை மட்டும். ஜெர்மன்காரரின் விஷயம் கோஸ்டெலுக்குத் தெரியாது. அவன் கையிலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி விமானம் ஏறும்வரை தெரியக்கூடாது.

அந்த ஜெர்மன் புண்ணியவான் வீட்டு போனுக்கே கூப்பிட்டுத் தொலைத்தார். எடுத்தது கோஸ்டெல்.

அன்று வெள்ளிக்கிழமை, கிளப்புக்கு லீவு. ரோடிகா தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள், துணைக்கு நான். முன்வாசலில் ரிசப்ஷனிஸ்ட் ஆபிதா. ரோடிகா மேசையின் ஒரு பாதியைச் சுவர்போல நிமிர்த்தி வைத்து, அதில் பந்தை அடித்து அடித்து வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பாதி ஓர் ஆள் கனம். சின்னக் கொக்கி ஒன்றுதான் அதைப் பிடித்து நிற்கவைத்திருந்தது. கொக்கியில் கைவைக்காதே, ஆளை நசுக்கிவிடும் என்று முதல் நாளே என்னை எச்சரித்திருந்தாள். மட்டையில் ரப்பர் ஒட்டும் பசையின் வாடை ஹால் முழுக்க இருந்தது. என் தம்பி எபின் வேலை பார்க்கும் முசஃபா கராஜில் அடிக்கும் அதே வாடை.

தண்ணீர் லாரிக்காகப் பின்கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். கோஸ்டெல் அந்த வழியாக வந்தான்.

வந்த வேகத்தில் வயிற்றில் உதைத்தான். அவள் மடங்கி விழுந்ததும் முடியைப் பிடித்துத் தூக்கி, முகத்தை மேசை விளிம்பில் மோதினான். பச்சைப் பலகையில் ரத்தம் தெறித்தது. நான் ஓடிப்போய் அவன் முதுகில் தொங்கினேன். முழங்கையால் என் வாயில் ஒரு குத்து விட்டான். முன்பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது.

"லேய், எரப்பாளி, விடுலே அவள! கொன்னுருவேன் லேய்!" என்று கத்தினேன். இங்கிலீஷெல்லாம் மறந்துபோனது.

"தோஹா மாஃபி! ஜெர்மனி மாஃபி!" என்றான். மாஃபி என்றால் அரபியில் கிடையாது. தன் பின்பாக்கெட்டைத் தட்டிக் காட்டினான். அவளுடைய பாஸ்போர்ட்டின் முனை வெளியே தெரிந்தது. பிறகு அவள் வலது மணிக்கட்டை மேசையில் வைத்து அழுத்தினான். "இது நான் செஞ்ச கை" என்றான் இங்கிலீஷில். "நானே உடைக்கிறேன்."

அவளுடைய மட்டையை எடுத்து அதன் விளிம்பால் ஓங்கி அடித்தான். சுண்டுவிரல் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் மட்டையைப் பிடித்த கையிலேயே நிதானமாக ஒரு விரலைத் தூக்கினான்.

"சாரி."

அடுத்த அடிக்கு மட்டையை ஓங்கினான். அப்போது ரோடிகா ஒரு காரியம் செய்தாள். இடது கையால் மேசை மேலிருந்த பந்தை மெல்லத் தட்டிவிட்டாள். அது தரையில் குதித்து, நிமிர்ந்து நின்ற பாதிக்கு அந்தப் பக்கம் உருண்டு ஓடியது.

கோஸ்டெல் பந்தைப் பார்த்தான். அவன் கைகள் தானாக மட்டையையும் அவளையும் விட்டன. சுற்றிப்போய்க் குனிந்தான். அத்தனை வெறியிலும் குனிந்தான், பாவி.

ரோடிகா இடது கையால் கொக்கியை இழுத்துவிட்டாள்.

பாதி மேசை அவன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. பந்தைப் பிடித்திருந்த வலது கை இரும்புக் காலில் மாட்டிக்கொண்டு, முழங்கைக்குக் கீழே விறகுபோல முறிந்தது. அவன் அலறிய அலறலில் ஆபிதா ஓடி வந்தாள்.

"என்னக்கா... யா அல்லாஹ், இது யாருக்கா?"

"ஒண்ணுமில்ல, ஒரு சவம்" என்றேன். "போலீஸக் கூப்பிடு பிள்ளே."

ரோடிகா மூக்கிலிருந்து ரத்தம் வழியச் சுற்றி வந்தாள். குப்புறக் கிடந்தவனின் பின்பாக்கெட்டிலிருந்து பாஸ்போர்ட்டை உருவினாள். அவன் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்து, ஒடிந்த சுண்டுவிரல் கோணி நிற்க, ஆள்காட்டி விரலைத் தூக்கினாள்.

"சாரி" என்றாள். "நெட் பால்."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் கைக்குக் கட்டுப் போட்டதும் நான்தான். நர்ஸ் ஆயிற்றே. கொஞ்சம் இறுக்கியே போட்டேன். பிறகு வந்த போலீஸ்காரர் ரத்தத்தைப் பார்த்தார், ரோடிகாவின் முகத்தைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். மேசை எப்படி விழுந்தது என்று கேட்கவே இல்லை. லீவு நாளில் பெண்கள் கிளப்புக்குள் உனக்கு என்ன வேலை என்றுதான் கோஸ்டெலைக் கேட்டார். ஆஸ்பத்திரிக்கும் அவனோடு ஒரு காவலரை அனுப்பினார்.

சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ரோடிகா தோஹாவுக்குப் போனாள். மட்டையைப் பிடிக்க மற்ற விரல்கள் போதும் என்றாள். கிளம்பும்வரை வலியில் பாதி இரவு அழுதாள் என்பது அவளோடு தங்கியிருந்த எனக்குத்தான் தெரியும்.

அங்கிருந்து போன் வந்தது. ஒரு ரவுண்ட் ஜெயித்து, அடுத்ததில் ஒரு சீனத்துப் பெண்ணிடம் தோற்றுவிட்டாளாம். ஜெர்மன்காரர் செப்டம்பரில் வந்துவிடச் சொல்லிவிட்டாராம். நான் அழுதுவிட்டேன். பல் போன ஓட்டையில் காற்றுதான் வந்தது, பேச்சு வரவில்லை.

"கடைசிப் பாயிண்ட் நெட் பால், லிண்டா" என்றாள். "அந்தப் பொண்ணு என் எதிரே கையைத் தூக்கினா."

"நீ என்ன செஞ்சே?"



"பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். "முகத்தை மூடாம, நேரா பாத்துக்கிட்டு நின்னேன்."