சாந்து இறுகுவதற்குள்

எங்கள் ஆயர் ஹார்ட்கருக்குக் கட்டடப் பைத்தியம். பேராலயத்தின் பழைய மரக்கூரை எரிந்தபோது ஊரே தலையில் அடித்துக்கொண்டு அழுதது. அந்த மனுஷன் மட்டும் சாம்பல் ஆறுவதற்குள், "இனிமே கல்லுலயே கூரை போட்டுடலாம்" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். என் வீட்டுக்காரர் மைன்ஹார்ட் தலைமைக் கொத்தனார். அவருக்கும் அதே கிறுக்கு. இரண்டு பேரும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்!

பலிபீடத்துக்கு மேலே கூரையின் கல்வளைவு முடிந்த வருஷம், கோடை முழுக்க மழை. சாந்து காயவே இல்லை. அடியில் மரச்சாரம் தாங்கிக்கொண்டிருந்ததால்தான் கல் நின்றது. அதற்குள், "நவம்பர்ல வர்ற மார்ட்டின் திருநாளுக்குச் சாரத்தைப் பிரி, அண்ணாந்து பார்த்துப் பூசை வைக்கணும்" என்றார் ஆயர். அவர் கால் இரண்டும் வீங்கிப் பானை மாதிரி இருந்தன. கிறிஸ்துமஸ் தாண்டமாட்டார் என்று வைத்தியர் சொன்னது ஊருக்கே தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சாரத்தின் ஆப்புகளைத் தட்டி எடுக்கும்போது, கட்டியவன் வளைவுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். விழுந்தால் முதல் கல் அவன் தலையில். எந்தப் பாவி ஆரம்பித்து வைத்தானோ!

"முடியாதுன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றேன், சாரம் பிரிப்பதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரரிடம்.

"சொன்னேன். கேக்கல."

"அப்போ நான் தாலியறுக்கணுமா?"

அவர் பார்லிக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். ஒரு வாய் இறங்கவில்லை.  நேரே ஆயர் மாளிகைக்குப் போய்விட்டேன்.

ஆயர் வெந்நீர்த் தொட்டியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். "என்ன கேபா, மூஞ்சி இப்படி இருக்கு?"

"சாமி, நாளைக்கு வளைவுக்கு அடியில யார் நிக்கணும்?"

"கட்டினவன்."

"வாசக்கல்லுல 'ஆயர் ஹார்ட்கர் கட்டினார்'னுதானே வெட்டச் சொன்னீங்க? எம் புருஷன் பேரு எந்த மூலையிலயாச்சும் இருக்கா?"

பக்கத்தில் நின்ற குருவானவர், "வாயை அடக்குடி!" என்று சீறினார். ஆயர் இருமல் வரும்வரை சிரித்தார். "நியாயம்தானே. நான் வந்து உக்காருறேன்."

எனக்குப் பகீரென்றது. பயந்துபோய் நாளைத் தள்ளிவைப்பார் என்றல்லவா நினைத்தேன்!

மறுநாள் ஆயரை நாற்காலியோடு தூக்கிவந்து வளைவுக்கு நேர் கீழே வைத்தார்கள். "மைன்ஹார்ட், நீ வெளிய போடா. கட்டினது நான்தானாம், உம் பொண்டாட்டி சொல்றா."

என் வீட்டுக்காரர் என்னை எரிப்பது போலப் பார்த்தார். "சாமி உள்ள இருக்க, நான் வெளிய நின்னா ஊரு காறித் துப்பாதா?" என்று நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு உயிருக்குப் பதில் இப்போது இரண்டு.

சாரத்தின் ஓரத்தில் தச்சன் வோல்பெர்ட் சுத்தியலோடு நின்றான். "அடிக்கவா, வேணாமா? சொல்லுங்கய்யா!"

ஆயர் விரலை உயர்த்தினார். முதல் ஆப்பு தெறித்தது. மரம் முனகியது. பலகை இடுக்கு வழியாக ஒரு சாந்துக் கட்டி ஆயர் மடியில் சொத்தென்று விழுந்தது. நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் அதை எடுத்து நசுக்கினார். விரலில் ஈரம் ஒட்டியது.

"இது எப்போடா இறுகும்?"

"ஈஸ்டருக்கு, சாமி."

"நான் இருக்கமாட்டேனே."

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. "தெரியும், சாமி."

"விழும்னு தெரிஞ்சுமா வந்து நின்ன?"

"வளைவு நிக்கவும் நிக்கலாம். ஒரு தடவையாவது நீங்க பாத்துட்டுப் போகணும்னுதான்..."

 ஆயர் வோல்பெர்ட்டைப் பார்த்து, "ஆப்பைத் திரும்ப அடிச்சு இறுக்கு" என்றார்.  "ஈஸ்டர் வரைக்கும் எவனும் தொடக்கூடாது."

ஆப்பு இறுகியதும் தூணை விட்டேன். போய்விடுவார் என்று பார்த்தால், அவர் மேலே வளைவை மறைத்துக்கொண்டிருந்த வெறும் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கும்? சொல்லுடா" என்றார், என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு.

என் வீட்டுக்காரர் நாற்காலி ஓரம் மண்டியிட்டு, பலகையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். இந்த இடத்தில் நாலு வளைவும் சேரும், காலை வெயில் அந்த ஜன்னல் வழியாக இதுவரைக்கும் வரும், நடுக்கல்லில் ஆட்டுக்குட்டி செதுக்கியிருக்கிறது, அதன் காது கொஞ்சம் பெரிசாகிப்போச்சு, மன்னிக்கணும் சாமி. ஆயர் ஒவ்வொன்றுக்கும், "ஆமா, ஆமா, தெரியுது" என்று தலையாட்டினார். ஆயரைச் சபித்துக்கொண்டே வந்த நான் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.