அளவு ஜாக்கெட்

“ஃபேனை நிறுத்துக்கா.”

“மாட்டேன்.”

“நிறுத்தலைன்னா வயரைப் பிடுங்கிடுவேன்.”

“பிடுங்கு. நான் வந்து உன் கஸ்டமர் தலையில கத்தரி போடறேன்.”

காலையிலேயே இப்படிச் சத்தம் கிளம்பினால் தெரு பாவம் என்ன செய்யும்? எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் ரேடியோவைக் குறைத்துக்கொண்டார். மாடிவீட்டம்மா, காய்ந்துபோன துணியையே மறுபடி உதறிக் கொடியில் போட்டாள்.

ஒரே கடை, நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் அக்காவின் தையல் மெஷின், அந்தப் பக்கம் தங்கையின் பார்லர். ஃபேன் மட்டும் ஒன்றே ஒன்று, சரியாகத் திரைக்கு மேலே. இத்தனை காலமும் அதைப் போடக் கூடாது என்று சட்டம் பேசியவள் தையல்காரிதான். காற்றடித்தால் வெட்டிய துணி பறக்குமாம். இப்போது அவளே சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“என் பொடியெல்லாம் பறக்குதுக்கா” என்றாள் தங்கை. வகிடு அகன்றுபோனவர்களின் தலையில் தூவுகிற கறுப்புப் பொடி அது. சொட்டையை நன்றாக மறைக்கும். காற்றும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. “அப்படி என்ன, உள்ளே அடுப்பா எரியுது?”

“அடுப்பு இல்லடி. செங்கல் சூளை.”

பொய்யில்லை. மாதவிடாய் நின்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நின்றது சொல்லாமல் கொள்ளாமல் நின்றதா என்றால் இல்லை; போகிற போக்கில் வீட்டையே கலைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. நெஞ்சுக்குக் கீழே சூடு கிளம்பும், கழுத்தில் ஏறும், காதைப் பிடிக்கும், உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது இறங்கியதும் குளிரும். தோல் சாக்பீஸ் மாதிரி உலர்ந்து சொறியும். சீப்பில் வருகிற முடி தலையில் இருப்பதைவிட அதிகமோ என்று தோன்றும். இடுப்பு யாரையும் கேட்காமல் இடம் பிடித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பட்டன்காரர் ஊரை விட்டுப் போகிறேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால்.

பட்டன்காரர் என்றால் கடைகடையாக ஜிப், ஹூக், பட்டன் போடுகிறவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம், மகளைக் கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மாதம் ஒருமுறை வருவார். மற்ற கடைகளில் வண்டியை விட்டு இறங்காமலே வியாபாரத்தை முடிப்பவர், இங்கே மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து, பட்டன் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்புவார். ஒரு பாக்கெட் ஹூக் கொடுக்க ஒரு மத்தியானம் ஆகும். தெருவுக்குக் கண் இல்லையா என்ன?

போன தடவை வந்தபோது, “மகள் ஊர்லயே கடை பார்த்தாச்சு. அடுத்த தடவை வர்றதுதான் கடைசி” என்றார். “நல்லது” என்றாள் தையல்காரி. அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் தலைகீழாக வைத்துத் தைத்தாள்.

அவர் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கல்யாணமே ஆகாதவளுக்கு அதுதான் ஆசை. கேட்காவிட்டாலும், போகிற இடத்தில் நினைத்துக்கொள்கிற மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் எதைப் பார்ப்பார்? பார்க்கும்படி இருந்தவள் எங்கே போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் திரையை விலக்கிக்கொண்டு போய்த் தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏதாவது பண்ணுடி.”

காலைச் சண்டை இருந்த இடம் தெரியவில்லை. தங்கை விளக்கை இழுத்து வைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பினாள். “மூஞ்சிக்கு இனிமே சோப்பு கிடையாது. குளிச்ச ஈரத்தோட க்ரீம் தடவணும். கொண்டையை இறுக்காதே, இருக்கறதும் போயிடும். இங்க பாரு, தாடையில ரெண்டு கம்பி.”

“பிடுங்கி வை. ஊசிக்கு ஆகும்.”

“அந்தப் பொடி மட்டும் உனக்கு வேண்டாம். உனக்கு வர்ற வேர்வைக்கு நிக்காது.”

பட்டன்காரர் வருகிற நாளுக்கென்று புது ஜாக்கெட் ஒன்றும் தைத்தாள். இங்கேதான் கூத்து. யாராவது பழைய அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தால், “உடம்பு அப்படியேவா இருக்கும்? நேர்ல நில்லுங்க” என்று விரட்டுகிறவள், பெட்டியின் அடியிலிருந்து தன்னுடைய பழைய ஜாக்கெட்டை எடுத்து, அதை வைத்தே வெட்டிவிட்டாள். போட்டுப் பார்த்தால் ஹூக்கும் வளையமும் பகையாளிகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன.

“துணி சுருங்கிடுச்சு.”

“தண்ணியே படாத துணி எப்படிக்கா சுருங்கும்?”

தங்கை, அக்காவின் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினாள். “நேர்ல நில்லு.”

ஊர் உடம்பையெல்லாம் அளந்தவளை அதுவரை யாரும் அளந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். டேப்பைச் சுற்றுகிற சாக்கில் ஒரு கை தன்னைச் சுற்றி வருவது எவ்வளவு இதமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அளவு எடுத்து முடிந்தும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

“சத்தமா சொல்லிடாதே.”

“சொல்லலை. மருந்துக்கடைக்காரர் ரேடியோவைக் குறைச்சாச்சு.”

பட்டன்காரர் வருகிற நாள் வந்தது. ஜாக்கெட் கச்சிதமாக உட்கார்ந்தது. முகம் மினுங்கியது. அத்தோடு விட்டிருக்கலாம். தங்கை பார்க்காத நேரம் பொடி டப்பாவை எடுத்து வகிட்டில் தாராளமாகத் தூவிக்கொண்டாள். பொடி பறக்குமே என்று ஃபேனையும் நிறுத்திவிட்டாள். சண்டை போட்டு ஜெயித்த ஃபேன்.

பட்டன்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பினார். “ஃபேன் ஓடலையா, டெய்லரம்மா?”

“ரிப்பேர்.”

திரைக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது.

அதற்கென்றே காத்திருந்தது போலச் சூளை பற்றிக்கொண்டது. கழுத்து, காது, உச்சி. காதோரம் ஏதோ ஊர்ந்து இறங்கியது. வெட்ட விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு கறுப்புச் சொட்டு விழுந்தது. அடுத்தது மூக்கு நுனியிலிருந்து.

“நெத்தியில…” என்று இழுத்தார் அவர்.

அவள் எழுந்து போய்த் தானே ஃபேனைப் போட்டாள். மிச்சமிருந்த பொடி பறந்து போய் அவருடைய வெள்ளைப் பட்டன் அட்டைகளின் மேல் படிந்தது. வெட்டுத் துணியால் முகத்தையும் தலையையும் அழுந்தத் துடைத்தாள்.

“தலை இவ்வளவுதான். நேரம் காலம் இல்லாம கொதிக்கும், அப்புறம் குளிரும். தூக்கம் கிடையாது. பார்த்தாச்சில்ல? போயிட்டு வாங்க.”

அவர் ஒவ்வொரு பட்டனாகப் பொடியை ஊதிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. “இத்தனை வருஷமா மத்தியானம் முழுக்க இங்க உட்கார்ந்தேனே. பட்டன் விக்கறதுக்குன்னா நினைச்சீங்க?”

அவள் கறுத்துப்போன வெட்டுத் துணியை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“அங்க கடல் காத்து. ஃபேனே வேண்டியிருக்காது” என்றார், அட்டையைப் பார்த்தபடியே.

அவள் திரையைப் பார்த்தாள். அதன் அடியில் தங்கையின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அசையாமல் நின்றன. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்த அன்றும் இதே பாதங்கள் வாசலில் இப்படித்தான் நின்றன. அன்று அக்கா ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

“வெட்டின துணி நிறையக் கிடக்கு. முடிக்கணும்” என்றாள்.

“முடிங்க. நான் அங்கதான் இருப்பேன்.”

அவர் வண்டி தெருமுனை திரும்பியது. பிறகு திரையை ஒதுக்கிக்கொண்டு தங்கை வந்தாள்.

“என் பொடியைத் திருடினே.”

“ஆமா.”

“போக்கா. ஃபேன் எனக்கே எனக்குன்னு ஆகட்டும்.” சொன்ன வாய் ஒரு பக்கம் கோணியது.

“உனக்கு யாருடி இருக்கா?”

“ஏன், தெருவே இருக்கு, காதைத் தீட்டிக்கிட்டு.”

வெட்டிய துணியெல்லாம் தைத்து முடிந்தது. தையல்காரி மெஷினைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு கடற்கரை ஊருக்குப் போனாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து தங்கை. மருந்துக்கடைக்காரரை அழைக்கவில்லை என்று அவருக்கு இன்னும் வருத்தம்.

அங்கே கடல் காற்று உண்மைதான். ஆனால் சூடு கடலைக் கேட்டுக்கொண்டா வருகிறது? வரும்போது ஜன்னலைத் திறக்கிறாள். மூடு என்று சொல்ல ஆளில்லை. அவர் ஒன்றும் சொல்கிறவர் இல்லை, நல்ல மனுஷர். ஜன்னலோரம் நின்றபடி, யாராவது வந்து வயரைப் பிடுங்கமாட்டார்களா என்று அவள் ஏங்குவது அவருக்குத் தெரியுமோ என்னமோ.

ஒருநாள் பஸ்ஸில் ஒரு பொட்டலம் வந்தது. புதுத் துணி, கூடவே தங்கையின் அளவு ஜாக்கெட். உடனே போன் போட்டாள்.

“இது பழசுடி. நேர்ல வா.”

“என் அளவெல்லாம் மாறலை.”

“மாறியிருக்கும். ஃபேன் சத்தம் கேக்குதே. இப்ப என்ன, நீயே போட்டுக்கறியா?”

அந்தப் பக்கம் வெகுநேரம் ஃபேன் மட்டும் ஓடியது.

“பார்க்கலாம்க்கா. கடையை விட்டுட்டு எப்படி வர்றது?”

மாடிவீட்டம்மா மகன் வீட்டோடு போய்விட்டாள். மருந்துக்கடைக்காரர் மெஷின் இருந்த பாதிக் கடையை வாடகைக்குக் கேட்டுப் பார்த்தார். திரை இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள் பார்லர்காரி. கடற்கரை ஊரில் அந்தத் துணி இன்னும் வெட்டாமல் மேஜையில் இருக்கிறதாம்.