மூன்று எண்ணுவதற்குள்

என் வீட்டுக்காரர் ஆறரை அடி. அந்த உயரத்துக்காகத்தான் ஒயர் கம்பெனி அவரைத் தன் கூடைப்பந்து அணியில் சேர்த்து, ஸ்டோர் ரூமில் ஒரு வேலையும் கொடுத்தது. அணியில் இடம் போனால் வேலையும் போகும். அவர் முழங்கால் தேய்ந்துபோன சங்கதி எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்த விளையாட்டில் ஒரு பாழாய்ப்போன விதி. எதிரணிக் கூடைக்குக் கீழே வர்ணம் அடித்த கட்டம் ஒன்று. பந்து நம் ஆட்கள் கையில் இருக்கும்போது அதற்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் விசில், பந்து அவர்களுக்கு. வலி எடுத்தால் இவருக்கு எண்ணிக்கையே மறந்துவிடும். அதனால் சமையலறையில் ஒரு மாதம் பழகினோம். அவர் அடுப்போரம் நிற்பார், நான் கரண்டியும் கையுமாக, "ஒண்ணு, ரெண்டு, வெளிய!" என்பேன். நிலைப்படியைத் தாண்டிவிடுவார்.

இறுதி ஆட்டத்தன்று கம்பெனி மேனேஜர் முன்வரிசையில், நான் அவருக்கு நேர் பின்னால். தொண்டை கிழிய எண்ணினேன்.

"ஏங்க, வீட்டுல விரட்டுறது பத்தாதுன்னு இங்கயுமா புருஷனை விரட்டுறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். சிரிக்கட்டும். முதல் பாதியில் பத்துப் புள்ளி எடுத்தார் என் மனுஷன்.

பிறகுதான் நடுவர் என் பக்கம் திரும்பினார். அதுவரை அந்தக் கட்டத்தையே கண்டுகொள்ளாத ஆள், என் சத்தத்தைக் கேட்டுத் தானும் எண்ணத் தொடங்கிவிட்டார். இவர் கால் கொஞ்சம் பிந்தியது, விசில். மறுபடியும் விசில்.

"இவன் கால்ல என்ன?" என்று மேனேஜர் கோச்சிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

அடிப்பாவி, நானே காட்டிக்கொடுக்கிறேனே! வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், பந்து எங்களிடம். அவர் கட்டத்துக்குள் போனார். நான் மூச்சுக்கூட விடவில்லை. கையை உயர்த்தியபடி அவர் அங்கேயே நின்றார். காது மட்டும் என் பக்கம் சாய்ந்திருந்தது. நகரவே இல்லை.

விசில்.

தோற்றோம். எழுந்து போகும்போது மேனேஜர், "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட காலைக் காட்டிட்டு ஆபீசுக்கு வாப்பா" என்றார். டாக்டர் என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியாதா?

பெஞ்சில் இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏம்மா, நீ எண்ணவே இல்லையே?" என்று கேட்டார்.