எண்பது கல்லில் ஒரு கல்

1

இந்தக் கதை ஒரு விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் பிறந்தது. முன்பக்கத்தில் கல் பதிக்கிற லுக்மான் எழுதியிருக்கிறார்: இரண்டடிக்கு இரண்டடி சிமெண்டுக் கல், எண்பது. மணல், கம்பி வலை, கூலி எல்லாம் சேர்த்துக் கல்லுக்கு அறுபது மலேசிய வெள்ளி. மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு. காலித் தாளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். எழுத்தாளனும்கூட. இதை ஊரில் நான் ஒருவன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நாலாயிரத்து எண்ணூறு, என் முதல் சிறுகதைத் தொகுப்பை அச்சிட வைத்திருந்த பணம். பன்னிரண்டு கதைகள், முந்நூறு பிரதிகள். அதற்கு அடுத்த மாதம் மகள் ஷாமினிக்குக் கல்யாணம். மனைவி லோகேஸ்வரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"முந்நூறு புத்தகத்த யாருங்க வாங்குவா? வாசல்ல கல்லு போட்டா, சம்பந்தி வீட்டுக்காரங்க சேத்துல கால வைக்காம வருவாங்க."

கல் வந்து இறங்கியது.

2

முதல் தொடக்கம்: "அந்த வாசலில் மழைத்துளிகள் கண்ணீராக…"

(வேண்டாம். எங்கள் வாசலில் மழை பெய்தால் தவளைதான் வரும்.)

இரண்டாம் தொடக்கம்: "லுக்மான் ஒரு மோசடிக்காரன். அவன் சிரிப்பிலேயே ஒரு…"

(இதையும் அடித்துவிட்டேன். ஜெராமிலிருந்து எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொன்னவர், ஏழே முக்காலுக்கே கேட்டருகில் நிற்கிறார். மீந்துபோன இரண்டு மூட்டை சிமெண்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வில்லன் கிடைக்காமல் ஒருவன் தவிக்கும்போது இப்படியா நடந்துகொள்வது?)

3

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். எண்பது கல்லும் பதித்து, இடுக்கெல்லாம் பூசி, காய்ந்த மறுநாள் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். பன்னிரண்டு கதைக்கு எண்பது கல்; ஒரு கதைக்கு ஆறே முக்கால் கல்கூடத் தேறவில்லை. இருந்தாலும் என் எழுத்தின் பக்கம் இத்தனை பேர் வரப்போவது இதுதான் முதல் தடவை.

அப்போது லோகேஸ்வரி ஒரு கல்யாண முருங்கைக் கொம்போடு வந்தாள். முகூர்த்தக்கால் நட வேண்டும். குழி தோண்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மண்ணில் நட வேண்டும். வாசலில் ஒரு பிடி மண் இல்லை.

உரமூட்டை ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்த கிராணி நான், கல்யாணத்துக்கென்றே வாசலைப் பூசிவிட்டு, அந்தக் கல்யாணத்துக்கு முதலில் வேண்டியது மண் என்பதை மறந்துபோனேன்.

"பெயிண்ட் வாளியில மண்ணப் போட்டு நட்டுரலாமே," என்றேன்.

"நம்ம புள்ள என்ன ரோஜாச் செடியா, வாளியில வைக்க?"

லுக்மானைக் கூப்பிட்டோம். "போட அறுபது வெள்ளி, அண்ணே. பேத்தெடுக்க எண்பது லா. உடையாம எடுக்கணும்ல," என்றார். ஈசானிய மூலையில் ஒரு கல்லைப் பெயர்த்துச் சுவரில் சாய்த்துவைத்தார். கொம்பை நட்டோம். கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டார் காலில் சேறு படாமல் வந்து போனார்கள். ஷாமினி கணவனோடு ஜொகூருக்குப் போனாள்.

மூன்றாவது வாரம் கொம்பு துளிர்த்தது. நட்ட கொம்பு தழைத்தால் பிள்ளை நன்றாக வாழும் என்பது எங்கள் நம்பிக்கை. லோகேஸ்வரி அதற்குக் கற்பூரம் காட்டாததுதான் குறை. கல்லைத் திரும்பப் பதிக்க வந்த லுக்மான் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது சும்மா இருக்காது, அண்ணே. ரெண்டே வருசத்துல வேரு உள்ள போயி எல்லாக் கல்லையும் தூக்கிரும்."

"புடுங்கிட்டா?"

"அத நான் சொல்ல மாட்டேன். அக்கா பாக்குறாங்க."

4

இந்த இடத்தில் நான் முதலில் எழுதிய வரி: "மகளின் நல்வாழ்வை நினைத்து அந்தக் கொம்பை நான் தொடவே இல்லை."

நல்ல வரி. பொய்.

செவ்வாய்க்கிழமை காலை லோகேஸ்வரி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பிடுங்கிவிட்டேன். வெளிவராத என் புத்தகம் அந்தக் கற்களாகத்தான் கிடக்கிறது. அதுவும் பெயர்ந்துபோக நான் விடுவதாக இல்லை. 'வெயிலில் காய்ந்துவிட்டது' என்று சொல்ல வசனம்கூடத் தயாராக இருந்தது. (வில்லனைத் தேடினேன் அல்லவா, கிடைத்துவிட்டான்.)

கையில் மண்ணோடு நிற்கும்போது கைப்பேசி அடித்தது. ஷாமினி.

"அப்பா, அந்த மரம் எப்படி இருக்கு?"

இருபத்தாறு வருடம் இந்த வீட்டில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றாதவள்.

"நல்லாத்தான் இருக்கு. ஏம்மா?"

"சும்மாதான் லா." பிறகு தொடர்ந்தாள். "நாங்க ரெண்டு பேரும் நாலு நாளா பேசிக்கலப்பா. ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க. அதப் பாக்கணும் போல இருக்கு."

எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனை வருடம் கதை எழுதுகிறேன். என் கையிலிருப்பதை நம்பி ஓர் ஆள் காத்திருந்ததில்லை. கொம்பைத் திரும்பக் குழியில் செருகி, மண்ணை மிதித்து, இலையை ஒரு விரலால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பினேன். ஓரத்தில் என் நகம் தெரிகிறது. அவள் கவனிக்கவில்லை. ஓர் இதயம் அனுப்பினாள். என் கதைகளில் வாசகர் முழுதாக நம்பியது அது ஒன்றுதான்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) கொம்பு பிழைக்கிறது. இரண்டு வருடத்தில் கற்கள் எழும்புகின்றன. நான் சந்தோஷமாகத் தடுக்கி விழுகிறேன்.

ஆ) கொம்பு காய்கிறது. ஆனாலும் மகளும் மருமகனும் சமாதானமாகிறார்கள். (பகுத்தறிவு முடிவு. லோகேஸ்வரி படித்தால் எனக்கு இரண்டு நாளைக்குச் சோறு கிடையாது.)

இ) கொம்பு காய்கிறது. ஷாமினி தனியாக…

இதை எழுதக் கை வரவில்லை.

நாலு நாளாக நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். "என்னங்க, திடீர்னு மரத்து மேல இவ்ளோ பாசம்?" என்கிறாள் லோகேஸ்வரி. இலைகள் துவண்டுவிட்டன. பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நான் கீறவில்லை.

இன்று சனிக்கிழமை. ஷாமினி வருகிறேன் என்றாள். 'வருகிறோம்' என்று சொல்லவில்லை. இதோ, கேட்டருகில் கார் நிற்கும் சத்தம் கேட்கிறது. நான் இந்தத் தாளோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போய்ப் பாருங்கள். சுவரோரம் அந்தக் கல் சாய்ந்திருக்கிறது, காலில் இடித்துக்கொள்ளாதீர்கள். ஈசானிய மூலைக்குப் போய்ப் பட்டையை லேசாகக் கீறுங்கள். பச்சை இருந்தால் அவளிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலில் என்னிடம் வாருங்கள். பிடுங்கியவன் நான். அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும்.