இருபத்திரண்டு மில்லிமீட்டர்

எனக்கு வாய் ஜாஸ்திங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல கிளார்க். தேயிலை விலை படுத்துப்போன வருஷம், தொழிலாளிகளுக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலை. எனக்குப் பாதிச் சம்பளம். பாதிச் சம்பளத்துக்குப் பாதி வேலை போதும்னு ஒரு கொழுப்பு. ஆபீஸுக்குப் பின்னாடி இருக்கிற மழைமானியை தினமும் காலையில எட்டு மணிக்கு அளந்து நோட்டுல எழுதோணும். நனையச் சோம்பல்பட்டு, ஜன்னல்ல நின்னு குத்துமதிப்பா ஒண்ணு எழுதிடுவேன்.

அந்தக் கார்த்திகையில வங்கக் கடல்ல புயல். தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்துக்கு மேல பெரிய மண்மேடு. பயந்துபோய் தெய்வம்மாவும் அவ புருசன் இருளப்பனும் இன்னும் நாலு குடும்பமும் பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்தாங்க. விடிஞ்சப்ப வெறும் தூறல். புயல் கரையேறி வலுவிழந்துடுச்சுன்னு ரேடியோவுல சொன்னான். விடுவேனா நான்? பள்ளிக்கூடத்துக்கே போய் வகுப்பெடுத்தேன். சூடான கடல்ல இருந்து எழும்பற ஆவிதான் புயலுக்குச் சாப்பாடு, அதைத் தின்னுதான் பலமாகுது, தரைக்கு வந்தா பட்டினி, படுத்துக்கும்னு.

தெய்வம்மா சிலோன் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவ. "ராப்பூரா கொட்டுச்சே, எவ்வளவு பேஞ்சிருக்கு கிளாக்கரய்யா?"ன்னு கேட்டா.

இருபத்திரண்டு மில்லிமீட்டர்னேன். ஜன்னல்ல நின்னு எழுதின அளவு. அவ பாயைச் சுருட்டினா, எல்லாரும் லயத்துக்குத் திரும்பினாங்க.

மத்தியானம் மேடு சரிஞ்சுது. படுத்தது காத்து மட்டும்தாங்க. புயல் கடல்ல குடிச்ச தண்ணி எங்க போகும்? மலையில முட்டி எங்க தலையிலதான் கொட்டியிருக்கு. இருளப்பன் கால் செவுத்துக்கடியில மாட்டி, முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. சாயங்காலம் மழைமானியைத் திறந்தேன். நிரம்பி வழிஞ்சு கிடந்துச்சு. காலையில எவ்வளவு இருந்துச்சுன்னு இனி யாருக்குத் தெரியும்? தண்ணியைக் கொட்டிட்டு, நோட்டைத் திருத்தாம மூடி வச்சேன். த்தூ, நானும் ஒரு மனுசன்.

பத்து நாள் கழிச்சு, லயத்தை வேற இடத்துக்கு மாத்தோணுமான்னு பாக்க ஒரு அதிகாரி வந்தார். நோட்டைப் புரட்டினார். இத்தனூண்டு மழைக்கு மேடு சரியாது, செவுரு பழசு, அங்கேயே எடுத்துக் கட்டிக்கலாம்னார். வாசல்ல நின்ன தெய்வம்மாதான் பேசினா.

"கிளாக்கரய்யா எழுதுனா சரியாத்தான் இருக்கும். எங்க தலையெழுத்து."

அதைக் கேட்டதும் அந்த மண்ணு என் மேல சரிஞ்சிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு.

"இல்லைங்க சார். அன்னைக்கு நான் அளக்கவே இல்லை."

யாரும் திட்டலைங்க. லயத்தை மாத்திட்டாங்க. இப்ப தெய்வம்மா ஊடு ஆபீஸுக்கு எதிர்லயே இருக்குது. மழை நாள்ல எட்டு மணிக்கு நனைஞ்சுக்கிட்டே போய் அளக்கறேன். அதே நேரத்துக்கு அவளும் வெளியே வந்து, வாசல்ல மழைத்தண்ணி பிடிக்க வச்சிருக்கிற டால்டா டப்பாவுல விரலை விட்டுப் பாப்பா. என்னைக் கேக்கறதில்லை.